புரட்டாசியில் கடை நடத்துபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறீர்களா? செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை புரட்டாசி. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல தமிழ் வீடுகளில் அந்த மாதம் இறைச்சி, மீன் கிடையாது. இதற்கு நடுவில்தான் செப்டம்பர் 24, பாரம்பரிய தினம் வருகிறது. ஊரே பிராய் அடுப்பு, அதாவது கம்பி வலையில் இறைச்சி சுடும் அடுப்பு, மூட்டும். அன்று வெறும் இறைச்சியை மட்டும் அடுக்கினால் இவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். சோயா சாசேஜ், பனீர், சோளக்கதிர், பீன்ஸ் பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) எல்லாம் தயாராக இருக்கட்டும்.

அப்புறம் முக்கியமானது: சைவத்துக்குத் தனி கம்பி வலை, தனி இடுக்கி வையுங்கள். இறைச்சி பட்ட இடுக்கியால் புரட்டிய பனீரை விரதம் இருப்பவர் தொடமாட்டார். தனியாகச் சமைப்பதை ஒரு அட்டையில் எழுதி அடுப்பருகே மாட்டினால், கேட்கக் கூச்சப்படுபவர்களும் நிம்மதியாக வாங்குவார்கள். கேக்கில் முட்டை இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள்.