முதலில் சப்பாத்தைப் பாருங்கள்

மட்டக்களப்பில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கும் அண்ணன்மார், அக்காமாருக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு இயேசு சபைத் துறவியின் பெயரில் வெபர் மைதானம் இருக்கிற ஊர் இது. பந்து நமக்குப் புதிதில்லை. பிள்ளைகளின் கைக்கு ஐஸ் என்கிற மெதம்பெற்றமின் போதைப்பொருளும் ஹெரோயினும் வந்ததுதான் புதிது.

என்னிடம் பழகிய தம்பி ஒருவன் ஒரு நாள் இரவல் சப்பாத்தோடு வந்தான். லேஸ் கட்டக் குனிந்தவன் மூன்று தரம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். விரல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்த வெக்கையிலும் மூக்கு ஒழுகியது, கையெல்லாம் மயிர் சிலிர்த்திருந்தது, கொட்டாவிக்கு மேல் கொட்டாவி. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். ஹெரோயின் கிடைக்காத உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று பிறகுதான் அறிந்தேன். ஐஸ் என்றால் வேறு மாதிரி: சாப்பாடு, உறக்கம் இல்லாமல் இரண்டு மூன்று நாள் பல்லை நெருமிக்கொண்டு திரிவான், பிறகு அடித்துப் போட்டது போலக் கிடப்பான். இரண்டிலும் சப்பாத்து, போன் என்று வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

அன்று எல்லாருக்கும் முன்னால் அவனை ஏசி, "இந்தப் பக்கம் வராதே" என்று விரட்டினேன். ஒரு வருடம் அவன் வரவில்லை. அந்த வருடம் முழுக்க என் பிழை. நீங்கள் தனியாகக் கூப்பிடுங்கள். பாலத்தடியிலோ வாவிக்கரையிலோ இருத்தி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: "மனே, என்ன பாவிக்கிறாய்? எப்ப இருந்து? கடைசியா எப்ப?" ஏன் என்று கேட்காதீர்கள், பொய்தான் வரும்.

நன்றாக விளையாடுகிற பிள்ளையைத்தான் முந்திக் கவனியுங்கள். புள்ளி எடுத்துக்கொண்டிருக்கும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கிறிஸ் ஹெரனை 1999இல் டென்வர் நகெற்ஸ் அணி எடுத்தது, அடுத்த வருடம் சொந்த மாநிலத்து பொஸ்டன் செல்ரிக்ஸ் அணிக்கு வந்தார். 20 டொலருக்கு வாங்கிய ஒரு மாத்திரையில் தொடங்கியது அவரது வலி மாத்திரைப் பழக்கம். ஆட்டம் தொடங்கப் போகிற நேரம், அணி உடுப்போடு, மழைக்குள், மாத்திரை கொண்டுவருபவனுக்காக அரங்கத்துக்கு வெளியே நின்றதை அவரே சொல்லியிருக்கிறார். உள்ளே ஆயிரக்கணக்கானோர் அவருக்குக் கைதட்டக் காத்திருந்தார்கள். 70 ஆட்டங்களோடு என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் அவர் வாழ்க்கை முடிந்து, ஹெரோயின்வரை போனார். 2008 ஓகஸ்ட் 1இலிருந்து எதையும் தொடவில்லை. அதற்குப் பிறகு பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பிள்ளைகளோடு பேசி வருகிறார்.

வீட்டில் பூட்டி வைக்க விடாதீர்கள். குடியும் சேர்ந்திருந்தால், சடுதியாக நிறுத்தும்போது வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தாய்தகப்பன் வெட்கப்பட்டால் முதலில் 1927க்கு எடுக்கட்டும், அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். "கலியாணம் கட்டி வைத்தால் திருந்துவான்", "கத்தாருக்கு அனுப்புவோம்" என்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து அழிக்கிற வேலை அது.

தாய்க்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்: சில கிழமை விட்டிருந்தவன் திரும்பப் பழைய அளவு ஹெரோயினை எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழும்பாவிட்டால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துக் கிடத்தி, பக்கத்திலேயே இருக்க வேண்டும். பொலிசுக்குப் பயந்து நேரத்தை விடக் கூடாது.

திரும்பி வந்தவனை உடனே மேட்சில் இறக்காதீர்கள். நமது தம்பிக்குக் காலை ஐந்தரைக்கு நானும் அவனும் மட்டும் என்று வைத்தேன். ஐம்பது ஃப்ரீ த்ரோ, எண்ணிக்கை என் கொப்பியில். கைச்செலவுக்குக் காசு கொடுக்கவில்லை. பஸ் காசைத் தாயிடம் கொடுத்தேன். நாலாம் கிழமை இரண்டு நாள் வரவில்லை. வீட்டு வாசலில் போய் நின்றேன், ஏசவில்லை. மூன்றாம் நாள் ஐந்தரைக்கு முன்பே வந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான், ஒரே தரத்தில்.