கிற்றாரின் பழைய நட்டைக் கழற்றி லொக்கிங் நட் பொருத்துவது எப்படி?

ஃபுளோய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கி அசையும் பாகம்) பூட்டிய கிற்றாரில் தலைப்பக்கம் மட்டும் பழைய பிளாஸ்டிக் நட் (கழுத்தின் முனையில் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு) இருந்தால், ட்ரெமலோ பாரை (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் கைப்பிடியை) ஒருமுறை நன்றாக அமுக்கி விட்டதுமே சுருதி கலைந்துவிடும். தளரும்போது நட்டின் பள்ளத்துக்குள் வழுக்கிப் போகும் தந்தி, இறுகும்போது பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அந்த இடத்திலேயே தந்தியை இறுக்கிப் பிடிப்பதுதான் லொக்கிங் நட்டின் வேலை. என் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைக் கிற்றாரில் வீட்டிலேயே இதைச் செய்து முடித்த சூட்டோடு எழுதுகிறேன். தந்தி மாற்றவும் கழுத்தைக் கழற்றிப் பூட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்ஜில் ஃபைன் டியூனர் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகு) இல்லையென்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். நட்டைப் பூட்டிய பிறகு தலையில் உள்ள டியூனரைத் திருகிப் பயனில்லை. சுருதி கொஞ்சம் விலகினாலும் அலன் கீயை (அறுகோணச் சாவியை) எடுத்துத் திறந்து, சேர்த்து, மறுபடி பூட்ட வேண்டியிருக்கும். ஃபுளோய்ட் ரோஸ் என்பவர் 1979இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் ஆரம்ப வடிவத்தில் இதே சிக்கல் இருந்தது. பிரிட்ஜில் ஃபைன் டியூனர் பின்னால்தான் வந்தது. சாதாரண பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ரோலர் நட் (தந்தி உருளைகளில் ஓடும் நட்) ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

சரி, எந்த அளவு வாங்குவது? ஃபுளோய்ட் ரோஸ் நட்டுகளுக்கு ஆர்2, ஆர்3 என்று இலக்கங்கள் உண்டு. ஆர்2இன் அகலம் 41.3 மி.மீ., ஆர்3 கிட்டத்தட்ட 43 மி.மீ. உங்கள் கழுத்து நட் இருக்கும் இடத்தில் எவ்வளவு அகலம் என்று வர்ணியர் கலிப்பரால் அளந்துவிட்டு வாங்குங்கள். மலிவான நகல்களில் பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம், வந்ததும் அளந்து பாருங்கள்.

கருவிகளுக்குக் கொழும்புப் புறக்கோட்டைப் பக்கம் போனால் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளிலேயே எல்லாம் கிடைக்கும். மெல்லிய பல் வாள், அகலமான உளி, 120ஆம் இலக்க சாண்ட் பேப்பர், 3 மி.மீ. அலன் கீ, ட்ரில், கார்பன் தாள். காசு செலவழிக்க வேண்டியது உளிக்குத்தான். மற்றதில் சிக்கனம் பார்க்கலாம். ரவுட்டர் (மரத்தில் பள்ளம் எடுக்கும் மின்கருவி) இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அதைக் கையாண்டு பழக்கமில்லாதவர் கிற்றார் கழுத்தில் பழகக் கூடாது.

பழைய நட்டைச் சுற்றியுள்ள வார்னிஷை முதலில் கூரான பிளேடால் கீறிவிடுங்கள். இல்லையென்றால் நட்டோடு சேர்ந்து வார்னிஷும் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். ஸ்ட்ராட் வகையில் நட்டுக்கு இரண்டு பக்கமும் மரம் இருப்பதால் முன்னோ பின்னோ தட்டாமல் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். அசையவில்லையா? நட்டின் நடுவே நீளவாக்கில் வாளால் அறுத்து, குறட்டால் நெரித்தால் இரண்டு துண்டும் கழன்று வரும்.

இனித்தான் முக்கியமான வேலை

பழைய நட்டின் தடிப்பு 3 மி.மீ. சொச்சம். லொக்கிங் நட்டுக்கோ சுமார் 16 மி.மீ. இடம் வேண்டும். அந்த மிச்ச இடத்தை முழுக்க முழுக்கத் தலைப்பக்கத்து மரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஃபிரெட்போர்டின் (தந்தியை அழுத்தும் பலகையின்) முனையை ஒரு நூல்கூடத் தொடக் கூடாது. தந்தியின் நீளம் அந்த முனையில்தான் தொடங்குகிறது. 648 மி.மீ. ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை தந்தியின் நீளம்) உள்ள கிற்றாரில் நட்டின் முன் விளிம்பிலிருந்து முதலாம் ஃபிரெட்டின் (பலகையில் பதித்த குறுக்குக் கம்பியின்) நடுவரை 36.4 மி.மீ. இருக்க வேண்டும். வெட்டும் முன்னும் பொருத்திய பின்னும் இதை அளந்து பாருங்கள். விளிம்பு 3 மி.மீ. உள்ளே போனால் திறந்த தந்திக்கும் அழுத்திய தந்திக்கும் இடையில் ஏறக்குறைய 8 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம் வரும். பிரிட்ஜில் என்ன செய்தாலும் அதைச் சரிப்படுத்த முடியாது.

அடுத்தது ஆழம். நட் உருக்கினால் ஆனது. எலும்பு நட்டைப் போல அரம் போட்டுப் பள்ளத்தை இறக்க முடியாது. ஆகவே தந்தியின் உயரத்தைத் தீர்மானிப்பது நீங்கள் வெட்டும் தளம்தான். கணக்கு இப்படி: நட்டின் அடியிலிருந்து தந்தி உட்காரும் இடம்வரை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து ஃபிரெட்டின் உயரத்தையும் கூடுதலாக 0.3 மி.மீ.ஐயும் கழியுங்கள். உதாரணமாக நட் 7 மி.மீ., ஃபிரெட் 1 மி.மீ. என்றால், ஃபிரெட்போர்டின் மேற்பரப்பிலிருந்து 5.7 மி.மீ. கீழே தளம் இருக்க வேண்டும். ஃபிரெட்போர்ட் வளைவாக இருப்பதால் 1ஆம் தந்திக்கும் 6ஆம் தந்திக்கும் இந்த அளவைத் தனித்தனியாக எடுங்கள்.

ஃபிரெட்போர்டின் முனையிலிருந்து 16 மி.மீ. தள்ளி வரும் கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். கீறலில் வாள் தானாக உட்காரும், விளிம்பும் சிதறாது. வாளின் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துவிட்டு, கோட்டில் குறுக்காக அறுங்கள். பிறகு உளி. ஒரு விளிம்பிலிருந்து நடுவரை, அப்புறம் மறு விளிம்பிலிருந்து நடுவரை. ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால் கடைசி விளிம்பு பிய்ந்துகொண்டு வரும். மேப்பிள் மரம் கடினமானது. மெல்லிய சீவல்களாக எடுங்கள், அவசரப்படாதீர்கள்.

தளம் நெருங்கியதும் சாண்ட் பேப்பரை மட்டமான இரும்புத் துண்டில் ஒட்டித் தேயுங்கள். மட்டம் பார்க்கக் கார்பன் தாள்தான் சிறந்தது. தாளைத் தளத்தில் வைத்து, மேலே நட்டை வைத்து அழுத்தி எடுத்தால் மேடான இடத்தில் மட்டும் நீலம் பிடிக்கும். அந்த நீலத்தை மட்டும் தேய்த்து, மறுபடி அழுத்துங்கள். நீலம் நாலா பக்கமும் பரவிய பிறகே நிறுத்துங்கள். என்னைக் கேட்டால் தளத்தை 0.1 அல்லது 0.2 மி.மீ. கூடுதலாக இறக்கிவிடுவது நல்லது. உயர்த்துவது சுலபம். சோடா டின்னின் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிப்புத்தான், அதை நட்டின் அளவுக்கே வெட்டி அடியில் வைக்கலாம். காகித மட்டையை வைக்காதீர்கள், ஸ்குரூ இறுக்கும்போது நசுங்கிவிடும்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெட்டிய மரம் ஈரக்காற்றை இழுக்கும். நட்டை வைக்கும் முன் மெல்லியதாக ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள்.

துளை போடும்போது

மேலிருந்து இறங்கும் மர ஸ்குரூ, கழுத்தின் பின்பக்கத்திலிருந்து ஊடுருவி வரும் போல்ட் என்று இரண்டு வகை உண்டு. போல்ட்டின் பிடி உறுதியானது, ஆனால் கழுத்தின் மெலிந்த இடத்தில் இரண்டு துளைகள் முழுதாகப் போகின்றன. மேப்பிளுக்கு மர ஸ்குரூவே என் தெரிவு. மஹோகனி போன்ற மென்மையான மரத்துக்குப் போல்ட் போடுங்கள். எதுவானாலும் நடுவே ஓடும் ட்ரஸ் ரொட் (கழுத்தை நேராக வைக்கும் இரும்புக் கம்பி) எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் துளையுங்கள். ஸ்குரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் மேப்பிளில் முறியாமல் இறங்கும்.

பொருத்தியதும் தந்தியை 3ஆம் ஃபிரெட்டில் அழுத்தி, 1ஆம் ஃபிரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு A4 தாள் நுழைந்தால் போதும்.

பூட்டியதும் சுருதி ஏறுகிறதா?

பலர் நட்டையே குறை சொல்லும் இடம் இது. நட்டின் மேற்பரப்பு தலையை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. தந்தி அந்தச் சரிவு முழுவதும் படிந்திருக்க வேண்டும். ஸ்ட்ராட் போன்ற தட்டையான தலையில் தந்தி முன் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். தந்தியை இறுக்கும் கிளாம்ப் இறங்கும்போது அதைக் கீழே அமுக்குவதால் சுருதி ஏறுகிறது. இதற்குத்தான் நட்டுக்குப் பின்னால் தலையில் பூட்டும் ரிடெய்னர் பார். அதன் ஸ்குரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் பூட்டிப் பாருங்கள். சுருதி காட்டும் மின் டியூனரில் முள் அசையாமல் நின்றால் சரி. ரிடெய்னர் பாரை வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள்.

தந்திகளை நன்றாக இழுத்துத் தளர்த்திச் சுருதி நிலைத்த பிறகு, ஃபைன் டியூனர்களை நடுவில் நிறுத்தி, அப்புறம் நட்டைப் பூட்டுங்கள். மூன்று கிளாம்புகளும் இரண்டிரண்டு தந்திகளைப் பிடிக்கும். பிடித்ததும் நிறுத்துங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டதால் இரண்டு விஷயம். லெஸ் பால் வகைத் தலையில் ட்ரஸ் ரொட்டைத் திருகும் குழி நட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. 16 மி.மீ. தளம் அந்தக் குழியைத் தின்றுவிடக்கூடும். அங்கே மரத்தை வெட்டாமல், பழைய நட்டுக்குப் பின்னால் தலையில் பூட்டும் தனி ஸ்ட்ரிங் லொக்கைப் பாருங்கள். கேலர் நிறுவனம் அப்படி ஒன்றைச் செய்தது. இன்னொன்று, ஸ்குரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரிய ஸ்குரூவைத் தேட வேண்டாம். மூங்கில் குச்சியை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் இறக்கி, ஒரு இரவு காயவிட்டு, தளத்தோடு சேர்த்து வெட்டிவிட்டுப் புதிதாகத் துளையுங்கள்.