தோல் புற்றுநோயும் வளர்ச்சிக் காரணிகளும்: எங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறோம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுத்தவர்களின் கன்னத்தைச் சில நாள் கழித்துப் பாருங்கள், காயம் மூடியிருக்கும். ரத்தத் தட்டணுக்களும் மற்ற செல்களும் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள்தான் தோல் செல்களைப் பிரிந்து பெருகச் சொல்கின்றன. வேலை முடிந்ததும் அந்தக் கட்டளை அடங்கிவிடும், செல்களும் நின்றுவிடும். அதனால் வளர்ச்சிக் காரணி என்றாலே புற்றுநோய் என்று பயமுறுத்தி, அதைக் குறைக்கப் பத்தியம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கோளாறு பெரும்பாலும் கட்டளையில் இல்லை, அதைக் கேட்கும் செல்லுக்குள் இருக்கிறது. வளர்ச்சிக் காரணி செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டும். ஏற்பி ராஸ் என்ற புரதத்தை எழுப்பும். ராஸ் பிராஃபை, பிராஃப் மெக்கை, மெக் எர்க்கை என்று ஒவ்வொரு புரதமும் அடுத்த புரதத்தை எழுப்பும். எர்க் உட்கருவுக்குள் போய் சைக்ளின் டி1 போன்ற புரதங்களைக் கூட்டும். அப்புறம் செல் பிரியத் தயாராகிவிடும். தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஏறக்குறைய பாதியில் இந்த வரிசையின் நடுவில், பிராஃபில் பிழை இருக்கிறது. புரதத்தின் 600ஆவது இடத்தில் இருக்க வேண்டிய வேலின் என்ற அமினோ அமிலம் போய், பெரும்பாலும் குளூட்டாமிக் அமிலம் உட்கார்ந்துவிடுகிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் பொத்தான் சிக்கிக்கொண்ட அழைப்பு மணி மாதிரி, வாசலில் யாருமே இல்லாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

சரி, பிராஃப் பிழை இருந்தாலே புற்றுநோயா? இல்லை. சாதாரண மச்சங்கள் பலவற்றிலும் இதே பிழை உண்டு. செல்கள் கொஞ்சம் பெருகியதும் பி16 போன்ற தடைப் புரதங்கள் நிறுத்திவிடுகின்றன. தடையும் உடைந்தால்தான் ஆபத்து.

எல்லாத் தோல் புற்றுநோய்க்கும் ஒரே மருந்து என்று நினைப்பதும் தவறு. அடித்தளச் செல் புற்றுநோய் என்ற இன்னொரு வகையை ஓட்டுவது ஹெட்ஜ்ஹாக் என்ற வேறு பாதை. மெலனோமாவுக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் என்ற மருந்து, பிராஃப் பிழை உள்ள செல்லை அடக்கும். பிழை இல்லாத செல்லிலோ அதே பாதையைத் தூண்டிவிடக்கூடும். சிலருக்கு அதனால் வேறொரு தோல் புற்றுநோயே வந்தது. இப்போது மெக்கைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்தே கொடுப்பது வழக்கம்.

நம்மவர்களிடம் எனக்கு மிகவும் கவலை தருவது, "நாம் கறுப்புத் தோல், நமக்கு வராது" என்ற பேச்சு. வெயிலால் வருவது நமக்குக் குறைவு, உண்மைதான். ஆனால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமாவுக்கு வெயில் தேவையில்லை. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி 1981இல் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். இந்த வகையில் பிராஃப் பிழை குறைவு. சிலருக்குக் கிட் என்ற ஏற்பியிலேயே பிழை இருக்கும், அதற்கு மருந்து வேறு.

நகத்தடியில் கறுத்திருந்தால், ஷூ இடித்த ரத்தக்கட்டு என்று விட்டுவிடாதீர்கள். ரத்தக்கட்டு நகம் வளர வளர நுனிப்பக்கம் நகரும். நகராமல் அங்கேயே இருந்தாலோ, நகத்தில் கறுப்புக் கோடு இருந்து அது அகலமானாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் பரவினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் மெலனோமா என்று வந்தால், எந்த மரபணுவில் பிழை என்று பார்க்க வேண்டுமா எனக் கேளுங்கள்.