பழைய பெட்ஷீட்டில் ஒரு ஏப்ரன், நெஞ்சில் ஒரு ஈர்க்கு கறிவேப்பிலை

எங்கள் வீட்டில் ஒரு சென்னிமலை பெட்ஷீட் பதினான்கு வருடம் உழைத்தது. நடுவில் நைந்துபோன பிறகும் தூக்கிப் போட மனம் வராமல், அதில்தான் முதல் ஏப்ரன் தைத்தேன். துணியின் நடுவிலிருந்தே வெட்டிவிட்டேன். இரண்டே மாதத்தில் பாக்கெட் மூலையில் கிழிந்துவிட்டது. பெட்ஷீட்டில் நாம் படுத்துப் புரளும் நடுப்பகுதிதான் தேயும். மெத்தைக்கு அடியில் செருகியிருந்த ஓரங்கள் புதுத்துணி மாதிரி இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பாருங்கள். எங்கே வலை போலத் தெரிகிறதோ அதை ஒதுக்கிவிட்டு, அடர்த்தியான இடத்தில் வெட்டுங்கள்.

பருத்திதானா என்பதும் உறுதியாகத் தெரியவேண்டும், அடுப்புப் பக்கம் நிற்கப்போகிற துணி அல்லவா. ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் கருகும் வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் அதில் பாலியஸ்டர் இருக்கிறது. அது சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும், சமையலறைக்கு வேண்டவே வேண்டாம்.

துவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். பலமுறை துவைத்த துணி இனிமேல் பெரிதாகச் சுருங்காது, தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும். புதுத்துணியைவிடப் பழசை நான் விரும்புவது இதனால்தான். அப்புறம் 28 அங்குல அகலம், 34 அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு. கட்டம் போட்ட பெட்ஷீட் என்றால் அந்தக் கோட்டைப் பிடித்தே வெட்டலாம், கோணல் வராது. நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மேல் விளிம்பில் மடிப்பிலிருந்து 5½ அங்குலத்தில் ஒரு புள்ளி, வெளி ஓரத்தில் மேலிருந்து 10 அங்குலம் கீழே இன்னொரு புள்ளி. இரண்டையும் உள்ளே குழிந்த வளைவாக சாக்கட்டியால் சேருங்கள். இப்போதே வெட்டவேண்டாம், பூவேலை முடியட்டும். துணி அகலமாக இருந்தால்தான் எம்ப்ராய்டரி வளையம் இறுகப் பிடிக்கும்.

பூவேலைக்கு ரோஜாவும் மயிலும் தேடவேண்டாம். ஒரு ஈர்க்கு கறிவேப்பிலையைப் பறித்து, மேல் விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் கீழே, கொஞ்சம் சாய்வாக வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். நன்றாகக் கவனித்தால், இலைகள் நேருக்கு நேர் இல்லாமல் மாறி மாறி ஏறும், நுனியில் ஒற்றை இலை நிற்கும். ஐந்து அங்குல நீளம் போதும். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் இரண்டு இழையை மட்டும் பிரித்து, விரல்நுனி முதல் முழங்கை வரை நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் சிக்கும். ஈர்க்குக்குக் காம்புத் தையல்: ஒரு தையல் போட்டு, அதன் பாதியில் ஊசியை மேலே எடுத்து, அடுத்ததை அதன் தோளில் சாய்த்தபடி போடவேண்டும். நூல் எப்போதும் ஊசிக்கு ஒரே பக்கமாக இருக்கட்டும், கயிறு முறுக்கின மாதிரி அழகாக வரும். இலைக்கு மீன்முள் தையல். நுனியிலிருந்து நடுக்கோட்டில் ஒரு சின்ன நேர்த்தையல், பிறகு வலது ஓரத்தில் ஊசியை எடுத்து நடுக்கோட்டைச் சற்றே தாண்டி இறக்குங்கள், அடுத்தது இடது ஓரம். நடுநரம்பு தானாகவே தெரியும். கீழ் இலைகளுக்குக் கரும்பச்சை, நுனி மூன்றுக்கு இளம்பச்சை, கொழுந்து அப்படித்தானே இருக்கிறது. நூலை முன்னாடியே நனைத்து வெள்ளைத்துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் போகிற நூல் வேண்டாம். பின்பக்கம் முடிச்சுப் போடாமல், போட்ட தையலுக்கு அடியில் செருகி முடியுங்கள்.

சரி, இனி துணியை மறுபடி இரண்டாக மடித்து வளைவை வெட்டுங்கள். அந்த இடம் குறுக்குவாட்டம், இழுத்தால் நீளும். கால் அங்குலமாக இரண்டு மடிப்பு மடித்து, இழுக்காமல் மெஷினில் அடியுங்கள். பக்க ஓரங்கள் அரை அங்குலம் இரண்டு மடிப்பு. மேலேயும் கீழேயும் அரை அங்குலம் மடித்து, அப்புறம் மேலே ஒன்று, கீழே ஒன்றரை.

பட்டைக்கு வேட்டிக் கரையை விட்டால் வேறில்லை. அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியில், கரையோடு சேர்த்து அரை அங்குல வெள்ளைத் துணியும் வருமாறு கிழித்தேன். வெளி விளிம்பு பிசிறாது, வெள்ளையை மட்டும் உள்ளே மடித்து அடித்தால் பட்டை தயார். ஜரிகைக் கரை கழுத்தில் குத்தும், கலர் கரையாகப் பாருங்கள். இடுப்புக்கு 32 அங்குலத்தில் இரண்டு, வளைவு முடிகிற மூலைகளில் வையுங்கள். கழுத்துக்கு 24 அங்குலம். அதில் ஒரு முனையைத் தைத்துவிட்டு, போட்டுப் பார்த்து, கறிவேப்பிலை நெஞ்சுக்கு நேராக வரும் இடத்தில் மறுமுனையைத் தையுங்கள். பட்டை சேரும் இடத்தில் சின்னச் சதுரமும் நடுவில் பெருக்கல் குறியுமாக அடித்தால்தான் தாங்கும். அடுக்கு கனமாக இருந்தால் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், ஊசி உடையாது. இடுப்புப் பட்டையைப் பின்னால்தான் கட்டவேண்டும், முன்னால் தொங்கினால் அடுப்பில் படும்.

பாக்கெட்டுக்குப் பழைய தலையணை உறை. அதன் வாய்ப்பக்கம் ஏற்கெனவே மடித்துத் தைத்திருக்கும், அதையே பாக்கெட் வாயாக வைத்துக்கொண்டு 9 அங்குல அகலம், 8 அங்குல ஆழம் வெட்டுங்கள். மற்ற மூன்று பக்கமும் அரை அங்குலம் உள்ளே மடித்து, கை இயல்பாகப் போகும் உயரத்தில் வைத்து அடியுங்கள். மேல் மூலைகளில் முன்னும் பின்னுமாக மூன்று முறை.

துவைக்கும்போது உட்புறம் வெளியே வரத் திருப்பி, நிழலில் காயப்போடுங்கள். பூவேலை மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். துண்டு விரித்து, அதன்மேல் கவிழ்த்துப் பின்பக்கம் தேயுங்கள், இலைகள் அமுங்காமல் நிற்கும். ஒதுக்கி வைத்த நைந்த நடுப்பகுதியை எட்டாக மடித்து, சுற்றி ஓட்டுத் தையல் போட்டால் குக்கர் இறக்கக் கரித்துணி ஆகிவிடும். எனக்கு அந்த ஒரு பெட்ஷீட்டில் நான்கு கிடைத்தன.