சேலத்திலிருந்து பிபிஎல்: பணம் கட்டுவதற்கு முன் மெடிக்கல்

"பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தேன், நான் விமானம் ஓட்ட முடியுமா?" சேலத்துப் பிள்ளைகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. முடியும். பிபிஎல் எனப்படும் தனியார் விமானி உரிமத்துக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கேட்பது சிபிஎல்லுக்கு, அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் வணிக உரிமத்துக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆசையைக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

பிபிஎல் இருந்தால் சிறிய விமானத்தை நீங்களே ஓட்டலாம், வீட்டாரையும் நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்குக் காசு மட்டும் வாங்கக் கூடாது. நம் ஊருக்கு இதில் ஒரு நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2022-ல் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய ஊர்களில் சேலமும் ஒன்று. பயிற்சி என்றாலே வெளியூர்தான் என்ற நிலை இனி இல்லை.

முதல் படி: பெயரைச் சரிபாருங்கள்

இதை யாரும் முதல் படியாகச் சொல்வதில்லை. ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதுதான் முதல் படி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் பின்னால் சேர்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அதே பெயர் இரண்டாகப் பிரிந்து வேறு வரிசையில் நிற்கும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் இணையதளத்தில், அதாவது இ-ஜிசிஏவில், கணக்கு தொடங்கும்போது கொடுக்கும் பெயரே மெடிக்கல், தேர்வு, உரிமம் எல்லாவற்றிலும் தொடரும். பிறகு திருத்துவது பெரும்பாடு. எனவே ஆவணங்களை ஒரே மேசையில் பரப்பி வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

வயது விஷயம் எளிது. மாணவர் உரிமத்துக்கு 16, பிபிஎல்லுக்கு 17 நிறைந்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: கிளாஸ் 2 மெடிக்கல்

பள்ளியில் சேர்ந்து, கட்டணம் கட்டி, சீருடையும் தைத்த பிறகு மெடிக்கலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பறப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். உடல் தகுதி உறுதியாகாமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

பிபிஎல்லுக்கு கிளாஸ் 2 எனும் மருத்துவத் தகுதி போதும். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அதன் தளத்திலேயே இருக்கிறது. வேறு எந்த மருத்துவர் கொடுக்கும் ஃபிட்னஸ் சான்றிதழும், அவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், செல்லாது. மருத்துவர் பரிசோதித்து அறிக்கை அனுப்புவார். தகுதி உண்டா என்று டிஜிசிஏ முடிவு செய்யும்.

ரத்தம், சிறுநீர், இசிஜி, ரத்த அழுத்தம், எக்ஸ்ரே எல்லாம் வழக்கம்போலத்தான். அதிகம் பயப்படுவது கண்ணுக்கு. கண்ணாடி போட்டிருப்பது தடையே இல்லை. கண்ணாடியோடு தேவையான அளவு தெரிந்தால் போதும், "கண்ணாடி அணிந்து ஓட்ட வேண்டும்" என்ற நிபந்தனையோடு தகுதி கிடைக்கும். நிறம் பிரித்தறிவதுதான் உண்மையான சோதனை. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. ரேடியோ பழுதானால் கட்டுப்பாட்டுக் கோபுரம் விளக்கால்தான் பேசும். அசையாத பச்சை வந்தால் இறங்கலாம், அசையாத சிவப்பு வந்தால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் எதிரே வரும் விமானம் எந்தப் பக்கம் போகிறது என்பதும் இறக்கை நுனிகளில் உள்ள சிவப்பு, பச்சை விளக்குகளை வைத்துத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் உள்ளூர்க் கண் மருத்துவரிடமே முன்கூட்டி இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிடலாம். செலவு குறைவு, மனம் தெளிவாகும்.

அடுத்தது காது. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் வரும்போது காது அடைத்துக்கொள்கிறதே, விமானம் இறங்கும்போதும் அதேதான், இன்னும் வேகமாக. காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாக வேண்டும். சளி பிடித்திருந்தால் அது திறக்காது, வலி உயிரை எடுக்கும். அதனால் சளி, காய்ச்சல் இருந்தால் மெடிக்கல் நாளைத் தள்ளிப் போடுங்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள். திருவிழாவில் ஸ்பீக்கர் பக்கம் நின்றுவிட்டுக் காலையில் காது சோதனைக்குப் போக வேண்டாம்.

செய்த அறுவைச் சிகிச்சை, சாப்பிடும் மாத்திரை, சிறு வயதில் வந்த வலிப்பு, எதையும் மறைக்காதீர்கள். சொன்னால் கூடுதல் பரிசோதனை கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் உரிமமே போகும், அதைவிட முக்கியம், பக்கத்து இருக்கையில் உட்காருபவரின் உயிர். பழைய கோப்புகள் அத்தனையையும் கையோடு எடுத்துப் போங்கள். "தற்காலிகத் தகுதியின்மை" என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம், சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனை உண்டு.

மூன்றாம் படி: எஸ்பிஎல்

மாணவர் உரிமம் இது. பயிற்சிப் பள்ளி வழியாக விண்ணப்பித்து, அங்கேயே ஒரு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். இது இல்லாமல் தனியாகப் பறக்க முடியாது.

நான்காம் படி: படிப்பும் ரேடியோவும்

விமானச் சட்டங்கள், வழிகாணல், வானிலை, விமானத் தொழில்நுட்பம். நான்கும் தேர்வில் வரும், தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். இதில் வானிலையை நம் ஊரை வைத்தே படிக்கலாம். கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலைய ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது, சேர்வராயன் மலை 5,000 அடியைத் தாண்டுகிறது. ஏப்ரல், மே மதியத்தில் வெப்பக் காற்று அந்தச் சரிவில் ஏறி இடிமேகமாகத் திரள்வதை மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். காற்று சூடானால் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினும் சோரும். காலையில் எளிதாக ஏறிய அதே செஸ்னா சிறு விமானம், மதியம் மூன்று மணிக்கு மலையை நோக்கித் திணறும். காலையில் பறக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ரேடியோவில் பேசத் தனி உரிமம் வேண்டும். ஆங்கிலப் பேச்சுத் திறனில் குறைந்தது 4-ஆம் நிலை தேவை. இலக்கிய ஆங்கிலம் கேட்கவில்லை. சொன்னதைப் புரிந்து, தெளிவாகத் திரும்பச் சொல்லத் தெரிந்தால் சரி. தமிழ் வழியில் படித்தவர்கள் தயங்கவே வேண்டாம். சொற்றொடர்கள் குறைவு, தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் வந்துவிடும்.

ஐந்தாம் படி: 40 மணி நேரம்

மொத்தம் 40 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் சோலோ, இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாக. சோலோவிலும் 5 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் பறப்பது. அதில் ஒரு பயணம் குறைந்தது 150 நாட்டிகல் மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர், வழியில் இரண்டு வேறு நிலையங்களில் முழுதாக இறங்கி நிற்க வேண்டும். சேலத்திலிருந்து திருச்சி நேர்கோட்டில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். போய்த் திரும்பினாலும் கணக்கு கொஞ்சம் குறைகிறது, இறங்கும் இடமும் ஒன்றுதான் ஆகிறது. கோவை, திருச்சி என்று முக்கோணமாகப் போனால் தாராளமாகத் தேறும்.

40 என்பது குறைந்தபட்சம். பலருக்குக் கூடுதலாக ஆகும், அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். விட்டு விட்டுப் பறந்தால் போன முறை படித்ததை மறுபடி படிக்கவே பாதி நேரம் போகும். பணம் சேர்ந்த பிறகு தொடர்ச்சியாகப் பறப்பதே சிக்கனம். பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக் புக்கை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: ஸ்கில் டெஸ்ட், விண்ணப்பம்

நீங்கள் ஓட்டுவதைத் தேர்வாளர் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் ஆவணங்களை இ-ஜிசிஏவில் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும்.

உரிமம் வந்ததும் இரவில் பறக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதற்கு நைட் ரேட்டிங் என்ற கூடுதல் தகுதி தனி. ஏற்காட்டு மேகத்துக்குள் புகுந்து போகவும் முடியாது, அதற்குக் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் வேண்டும். மெடிக்கலுக்குக் காலக்கெடு உண்டு. அது முடிந்துவிட்டால், உரிமம் கையில் இருந்தாலும் விமானத்தை ஓட்டக் கூடாது. தேதி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் நாள் வாங்கிவிடுங்கள்.