செமி ஹாலோ பேஸ் கிட்டார்: மேற்பலகையை ஒட்டும் முன் செய்துவிடும் தவறுகள்

நடுவே திண்மையான கட்டையும் அதன் இருபுறமும் வெற்றுக் கூடுமாக அமைவது செமி ஹாலோ பேஸ் கிட்டார். அதை வீட்டிலேயே செய்ய முற்படுவோர் தங்கள் கைத்திறன் போதாதோ என்றுதான் முதலில் அஞ்சுகின்றனர். உண்மையில் இக்கருவி பெரும்பாலும் கெடுவது உளி பிடிக்கத் தெரியாததால் அன்று. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ய நினைப்பதால்தான். உடல் முழுவதும் ஒரே கட்டையாக உள்ள பேஸில், மறந்துபோன துளையை எந்தக் கட்டத்திலும் போட்டுக்கொள்ளலாம். செமி ஹாலோவிலோ, மேற்பலகையை ஒட்டிவிட்டால் உள்ளே கை நுழைய வழியில்லை. சிங்கப்பூரில் காற்றின் ஈரமும் இதனோடு சேர்ந்துகொள்வதால், எதை எப்போது ஒட்டுவது என்ற கேள்வி இங்கு இன்னும் கடினமாகிறது.

இங்கு ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. விடியலுக்கு முன் அது 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும். குளிர்சாதன அறையில் அதற்கும் கீழே போகக்கூடும். மரம் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்து விரிந்து சுருங்குகிறது. 350 மில்லிமீட்டர் அகலமுள்ள, தட்டையாக அறுத்த மேப்பிள் பலகையின் உள்ளீரம் 4 விழுக்காடு குறைந்தால், அது அகலவாக்கில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். ஆரவாக்கில் அறுத்த பலகையில் சுருக்கம் இதில் பாதியளவே என்றாலும், ஓரமெங்கும் ஒட்டப்பட்ட ஒரு மேற்பலகைக்கு அதுவே அதிகம். சன்னல் திறந்த அறையில் ஒட்டி முடித்த கருவியைக் குளிர்சாதன அறையில் மாட்டி வைத்தால், மேற்பலகையின் நடு இணைப்பிலோ அதில் வெட்டிய எஃப் வடிவத் துளையின் முனையிலோ வெடிப்பு விழுவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே, ஈரமான நாளில் ஒட்டுவதே முதல் தவறு. உலர்ந்த நிலையில் ஒட்டிய பலகை பின்னர் ஈரம் ஏற்றுச் சற்றே மேல்நோக்கிப் புடைக்கும். பெரும்பாலும் அது பொறுக்கக்கூடிய குறை. ஈரத்தோடு ஒட்டிய பலகை உலரும்போது பிளக்கும். அதைப் பொறுக்க முடியாது. பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சாமான் அறையாகிவிட்ட, ஆபத்துக் காலத்தில் தஞ்சம் புகுவதற்கான வீட்டுப் புகலிடத்தில் ஈரம் நீக்கும் கருவி ஒன்றையும் ஈரப்பதமானி ஒன்றையும் வைத்து, மரத்தைச் சில வாரங்கள் 50 முதல் 55 விழுக்காட்டில் கிடத்திவிட்டு, அதே அறையில் ஒட்டுவது நல்லது. பலகையை ஒருபக்கமாகத் தரையில் படுக்கப்போடாமல், இருபுறமும் காற்றுப் படும்படி சிறு குச்சிகள்மீது வைக்க வேண்டும். இல்லையெனில் காய்வதற்குள்ளேயே கிண்ணம்போல் வளைந்துவிடும்.

மரத்தேர்வில் இங்குள்ளோர் செய்யும் தவறு சற்று வேறு வகையானது. பழைய கதவிலிருந்தோ சுங்கை காடுட் பக்கத்து மரக்கடைகளிலிருந்தோ கிடைக்கும் செங்கால் என்ற வன்மரக் கட்டையின் உறுதியைக் கண்டு மயங்கி, அதையே நடுக்கட்டையாக வைத்துவிடுகின்றனர். செங்கால் தண்ணீரின் அடர்த்தியை நெருங்கும் கனமுடையது. கூடு விட்டுக் குறைத்த எடையெல்லாம் அந்த ஒரு கட்டையில் திரும்பி வந்துவிடும். நியாட்டோ, மஹோகனி, மென்மையான மேப்பிள் ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. ஜெலுத்தோங் இலேசானதுதான், ஆயினும் பிரிட்ஜின் (உடல்மீது கம்பிகளைத் தாங்கும் பாகம்) திருகுகளை நெடுநாள் இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று அதை நம்ப முடியாது.

அடுத்தது வரைபடம். மேலிருந்து பார்க்கும் வடிவத்தை ஆசையோடு முழு அளவில் வரைபவர்கள், பக்கவாட்டுத் தோற்றத்தை வரையாமலே வேலையைத் தொடங்கிவிடுகின்றனர். கழுத்து உடலுடன் சேரும் கோணம் பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும். மேற்பலகை வளைவாகச் செதுக்கப்பட்டதாயின், பிரிட்ஜ் உயர்ந்து நிற்கும். கழுத்து அதற்கேற்பப் பின்சாய வேண்டும். கழுத்து முடியும் இடத்திலிருந்து பிரிட்ஜ் 250 மில்லிமீட்டர் தள்ளி இருக்குமானால், கோணத்தில் 1 பாகை பிழைத்தாலும் பிரிட்ஜில் 4 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடும். பேஸ் பிரிட்ஜின் உயரத்தை மாற்றும் திருகுகளால் இவ்வளவையும் ஈடுகட்டுவது பெரும்பாலும் இயலாது. எனவே பிரிட்ஜ், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்), டியூனர் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பாகம்) மூன்றையும் கையில் வாங்கி, அளந்து, அதன்பிறகே வரைய வேண்டும். இணையப் பக்கத்தில் உள்ள அளவை நம்பி வரைவது வீண் துணிச்சல்.

கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் பதியும் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட கம்பியின் நீளத்தையும் அந்தப் படத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர், ஃபெண்டர் நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸில் வைத்த அளவு. இன்றும் அதுவே பொதுவழக்கு. கிப்சன் 1958இல் வெளியிட்ட ஈபி-2 என்ற செமி ஹாலோ பேஸில் 30.5 அங்குலம்தான் இருந்தது. அகன்ற, இலேசான உடலுக்கு நீண்ட கழுத்தைப் பொருத்தினால் தலைப்பகுதி கீழே சரியும். வாசிப்பவரின் இடக்கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். முதன்முறை செய்பவருக்குக் குறைந்த நீளமே ஏற்றது என்பது என் கருத்து. நீண்ட அளவையே விரும்புவோர் எடை குறைந்த டியூனர்களை வாங்குவதோடு, வார் மாட்டும் முன்குமிழ், கழுத்தில் சுர இடங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டிகளான ஃபிரெட்டுகளில் 12ஆவதற்கு நேராக வருமாறு உடலின் மேற்கொம்பை நீட்டி வரையலாம். எந்த நீளமானாலும், ஃபிரெட் இடங்களை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அளந்துகொண்டே போகக் கூடாது. சிறு பிழைகள் கூடிக்கொண்டே வரும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும்.

இனி, மூடுவதற்கு முந்தைய கட்டம். அதிகப் பிழைகள் நேர்வது இங்கேதான். பிரிட்ஜிலிருந்து மின்பாகங்கள் இருக்கும் கூட்டுக்கு ஓர் எர்த் கம்பி போக வேண்டும். அது போகும் துளையை நடுக்கட்டையின் பக்கவாட்டில், கட்டை வெளியே இருக்கும்போதே போட்டுவிடுவது எளிது. மூடியபின் அதே துளையை எஃப் துளை வழியே நீண்ட துளையாணியால் சாய்வாகப் போட முயன்றால், துளையாணி வழுக்கி எஃப் துளையின் விளிம்பைச் சிதைத்துவிடும். பிக்கப் கம்பிகளுக்கான வாய்க்கால்களும் இப்படியே. கூட்டின் உட்புறத்தைச் செப்புத்தாளால் முழுமையாகப் போர்த்துவது கடினமாதலால், உள்ளே ஓடும் கம்பிகள் அனைத்தும் காப்புறையுள்ளவையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் விளக்கைப் போடும்போதெல்லாம் ஒலிபெருக்கி இரையும்.

பின்புறத்தில் மூடி வைக்காத வடிவமானால், பொத்தான்களும் சுவிட்சும் எஃப் துளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் வாங்கிய பொட்டன்ஷியோமீட்டர் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) அந்தத் துளைக்குள் நுழைகிறதா என்று மேற்பலகை கையில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சுற்று முழுவதையும் வெளியே, ஓர் அட்டையில் பாகங்களை அவற்றின் இடைவெளிப்படியே குத்தி வைத்து, ஈயம் வைத்து ஒலிபெருக்கியில் சோதிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தண்டிலும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, குழாயின் மறுமுனையை அதற்குரிய துளையின் வழியே முன்கூட்டி வெளியே எடுத்து, மெல்ல இழுத்தால் பாகம் தன் இடத்திற்கு வந்து சேரும்.

ஒட்டும்போது நேரும் குறை ஒன்று பலருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. பசை பூசிய பலகை கிளாம்பு இறுகும்போது வழுக்கி நகரும். நடுக்கோடு 2 மில்லிமீட்டர் விலகினாலே எஃப் துளைகள் கோணலாகத் தெரியும். பின்னால் பிக்கப் குழியாக வெட்டி எறியப்போகும் இடத்தில் இரண்டு சிறு மர முளைகளை நட்டுவைத்தால் பலகை நகராது. மஞ்சள் மரப்பசை சில நிமிடங்களிலேயே பிடிக்கத் தொடங்குவதால், பசையின்றி ஒருமுறை எல்லாக் கிளாம்புகளையும் மாட்டிப் பார்த்த பின்னரே புட்டியைத் திறக்க வேண்டும். எஃப் துளைக்கு நேர்கீழே பின்பலகையில் பென்சில் கோடோ பசைத் துளியோ தங்கினால், கருவி இருக்கும்வரை அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

வீவக வீட்டில் ரூட்டரை (மரத்தில் குழி வெட்டும் மின்கருவி) ஓட்டுவோர், ஞாயிறன்றும் பொது விடுமுறையிலும் கூடாது என்று புதுப்பிப்புப் பணிகளுக்கு உள்ள விதியைத் தமக்கும் பொருந்துவதாகவே கொள்வது அண்டை வீட்டாரோடு உறவு கெடாமல் காக்கும். மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளதால் முகமூடி கட்டாயம். மழைநாளில் லாக்கர் மெருகைத் தெளித்தால், அதில் ஈரம் சிக்கிப் பால்போல் வெளுக்கும். எண்ணெய் மெருகு வீட்டுக்கு ஏற்றதுதான். ஆனால் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்தியோ தண்ணீரில் ஊறவைத்தோதான் அகற்ற வேண்டும்.

கம்பிகளை மாட்டிய அன்றே ஃபிரெட்டுகளைச் சமன்செய்ய அவசரப்படக் கூடாது. 34 அங்குலப் பேஸில் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. அந்த இழுவையில் கழுத்து ஒரு நிலைக்கு வரச் சில நாள்கள் ஆகும். கழுத்தின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், மறுநாள் பார்த்து மீண்டும் திருக வேண்டும். கழுத்தின் வளைவு, கம்பியின் உயரம் இரண்டும் சரியான பின்னரே 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரத்தை அங்குள்ள ஹார்மோனிக்குடன் (கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டும் சுரம்) ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால், பிரிட்ஜில் அந்தக் கம்பி அமரும் சேடிலைப் பின்னே தள்ள வேண்டும். தடித்த ஈ கம்பிக்குத்தான் பின்னே அதிக இடம் தேவைப்படும் என்பதால், பிரிட்ஜுக்குத் துளை போடும் நாளிலேயே மெல்லிய ஜி கம்பியின் சேடிலை அதன் முன்னெல்லைக்கு அருகில் நிறுத்தி, அந்த இடத்தையே கணக்கிட்ட நீளமாகக் கொள்ள வேண்டும்.