நுரைக்கு ஏறாத காரீயத் தூளைப் பிரித்தெடுக்க

தூளைத் தண்ணீரில் கலக்கிக் காற்றுக் குமிழி விட்டால், காரீயம் (பென்சிலில் வரும் கிராஃபைற்று) குமிழியில் ஒட்டி நுரையோடு மேலே மிதந்து வரும். 20 மைக்ரோமீற்றருக்குக் கீழே அரைபட்ட காரீயம் அப்படி நுரைக்கு ஏறவில்லையென்றால், நுரையை உண்டாக்கும் பைன் எண்ணெயை உடனே கூட்டாதீர்கள். நுரை பெருகும், அதோடு தண்ணீரும் களியும் மேலே வந்து சாம்பல் வீதத்தை (காரீயத்தை எரித்தபின் மிஞ்சும் அழுக்கின் பங்கை) ஏற்றிவிடும். இவ்வளவு சிறிய துணிக்கைக்குப் பாரம் போதாது. குமிழியில் மோதாமல், அதைச் சுற்றியோடும் நீரோடு விலகிப் போய்விடும். துணிக்கைகளை மண்ணெண்ணெயால் ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்கினால்தான் பிடிபடும். போகல, கஹட்டகஹ சுரங்கக் காரீயம் இயல்பாகவே தண்ணீரில் நனையாதது, ஆகவே எண்ணெய் இலகுவாகப் பற்றும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. அந்தத் தண்ணீரிலுள்ள கல்சியம் களியைக் காரீயத்தின்மேல் படியவைக்கும். பிறகு எண்ணெய் ஒட்டாது. மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது. பி.எச் 8 முதல் 9 வரை இருக்கட்டும். அதற்குச் சலவைச் சோடாதான். சுண்ணாம்பு போட்டால் கல்சியம் திரும்ப வந்துவிடும்.

காற்றுக் குழாயும் சுழலியும் உள்ள 1.5 லீற்றர் மிதப்புக் கலத்துக்கு 100 கிராம் தூள் போதும். 1 வீத சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலில் 5 மில்லிலீற்றர் விட்டு 3 நிமிடம் கலக்குங்கள்; களி பிரிந்து நிற்கும்.

அதிகம் பிழைப்பது மண்ணெண்ணெயில்தான். தொன்னுக்கு 300 கிராம் என்ற அளவில் இங்கே தேவைப்படுவது 0.03 கிராம். நேரே சொட்டினால் அளவும் தப்பும், எண்ணெயும் கலத்தின் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 1 மில்லிலீற்றர் மண்ணெண்ணெயை விட்டு, சமையலுக்கு எடுக்காத பிளெண்டரில் 2 நிமிடம் அடியுங்கள். பால்போல வெளுத்திருக்கும்போதே சிறிஞ்சால் 4 மில்லிலீற்றர் எடுத்துவிடவேண்டும். வைத்திருந்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். விட்டபின் காற்றை மூடி, நிமிடத்துக்கு 1500 சுற்றில் 5 நிமிடம் சுழற்றுங்கள். துணிக்கைகள் திரளுவது இந்த வேகத்தில்தான், இதைக் குறைக்கவேண்டாம்.

பைன் எண்ணெயில் ஒரு முழுத் துளியே அதிகம். அதையும் 100 மடங்கு தண்ணீரில் குலுக்கி 1 மில்லிலீற்றர் விடுங்கள். பிறகு 1000 சுற்றுக்கு இறக்கி, காற்றை மெல்லத் திறவுங்கள். நுரை 3 சென்ரிமீற்றர் தடிக்கும்வரை பொறுத்து, மேல்பகுதியை மட்டும் வழியுங்கள். கறுத்து மினுங்கினால் சரி. சாம்பல் நிறத்தில் உடையாமல் நின்றால் களி ஏறுகிறது, காற்றைக் குறைத்து நுரைமேல் தண்ணீரைப் பூவாகத் தெளியுங்கள்.

வழித்ததை எண்ணெய் சேர்க்காமல், புதுத் தண்ணீரில் இரண்டு தரம் மீண்டும் மிதக்கவிடுங்கள். காயவைத்த 1 கிராமை 900 பாகை செல்சியஸில் நிறை மாறாமல் நிற்கும்வரை எரித்தால் மிஞ்சுவது சாம்பல். அது இன்னும் கூடவென்றால், எரிக்காத தூளை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். குவாட்சு (படிகக்கல்) தனியாகக் கிடந்தால் இன்னொரு தரம் மிதக்கவிடலாம். காரீயத்தோடு ஒட்டியிருந்தால் திரும்ப அரைக்கத்தான் வேண்டும்.